இனிப்பு மிச்சமில்லை

அவர் சாப்பிட்டு எழுந்த தட்டைக் கழுவ வேண்டியதே இல்லை என்று தோட்டத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். கறிவேப்பிலையைக்கூட மென்று விழுங்கிவிடுவார். முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் தட்டோரத்தில் கிடக்கும், அதுவும் வெறும் நாராகத்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் "அரை சொம்பு குடு" என்று அளவு சொல்லிக் கேட்பார். கொடுத்ததைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். பேச்சும் அப்படித்தான். சொல்ல வேண்டியது ஒன்று வாய்க்கு வந்துவிட்டால், பாதியைச் சொல்லி மீதியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. அவரிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆனாலும் அவரோடு வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கிற பெருமை, நான் வாங்கிய பட்டத்தைச் சொல்லிக்கொள்வதில்கூட இல்லை.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "இன்னாத்துக்கு என் பேரு அதுல?" என்று கேட்பார். தோட்டத்தில் அவர் எங்களுக்கெல்லாம் மேஸ்திரியம்மா. நான் அவருக்கு லேபு சாரு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் என்னைக் காலேஜ் பையனை அதட்டுவது போலத்தான் அதட்டுவார்.

படவேட்டுக்கு மேலே, ஜவ்வாது மலை ஏறுகிற சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். பெங்களூரில் இருக்கும் ஓனர் அங்கே வெள்ளை ஒயினுக்கான திராட்சையை நட்டிருந்தார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதற்குமுன் யாரும் ஒயின் திராட்சையைக் கண்ணால் பார்த்ததில்லை. தள்ளுவண்டியில் விற்கிற பச்சைத் திராட்சையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கொத்து உள்ளங்கையில் அடங்கிவிடும். பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடுவே ஊசி நுழையாமல் இருக்கும். உள்ளே கொட்டை வேறு. வாயில் போட்டால் முதலில் புளிப்பு வந்து கண்ணைச் சுருக்கும், இனிப்பு அதற்குப் பின்னால்தான் வரும்.

அதன் பெயர் சாவிஞோன் பிளாங். ஓனர் முதல் நாள் இந்தப் பெயரைச் சொன்னதும் வேலைக்கு வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். எங்கள் பக்கத்தில் மணி பிடிக்காமல் பதராகப் போன நெல்லைச் சாவி என்பார்கள். பயிர் சாவியாகிவிட்டது என்றால் அந்த வருஷப் பாடு முழுக்க வீண்.

"சாவின்னு பேரு வெச்சிக்கினு நட்டா எப்டிங்க வெளங்கும்?" என்று ஒரு பெண் கேட்டேவிட்டாள்.

ஓனர் சிரித்து, பிளாங் என்றால் வெள்ளை என்று விளக்கியிருக்கிறார்.

"அப்போ வெள்ளச்சின்னு கூப்டுக்கிறோம். வேலையப் பாருங்கடி," என்று மேஸ்திரியம்மா அங்கேயே முடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கொடிக்கு வெள்ளச்சி என்றே பெயர். பிறகு ஓனர்கூட போனில் "வெள்ளச்சி எப்படி இருக்கா?" என்றுதான் விசாரிப்பார்.

தோட்டத்துக்கு வருவதற்குமுன் மேஸ்திரியம்மா புளி பார்த்துக்கொண்டிருந்தவர். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் புளியை வாயில் வைத்துப் பார்த்து, இது புதுசு, இது போன வருஷத்தது, இதில் பழசைக் கலந்திருக்கிறார்கள் என்று பிரித்துப் போடுகிற வேலை. நாக்கைத் தொட்டதும் துப்பிவிடுவார். ஒயினையும் கடைசிவரை அப்படித்தான் பார்த்தார். வாயில் ஒரு சுற்று சுற்றித் துப்புவார். குடித்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. சாராயக் கம்பெனியில் வேலை என்று ஊரில் பேச்சிருந்தது. ஆடி வெள்ளிக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் பத்துப்பேர் எதிரே இவரை நிறுத்தி, "இன்னாம்மா, ஒயினு காச்சப் போறியாமே?" என்று கேட்டார். "ஆமாங்க. நான் செய்யற எடத்த ஊருக்கே தெரியும். நீங்க குடிக்கிற எடத்தயும் சொல்லட்டுங்களா?" என்றார் இவர். கேட்டவர் கூட்டத்துக்குள் புகுந்து காணாமல் போனார்.

நான் கலசப்பாக்கத்துக்காரன். ரசாயனம் படித்துவிட்டுச் சர்க்கரை ஆலை ஒன்றின் லேபில் பதினோரு வருஷம் கரும்புச் சாற்றை அளந்துகொண்டிருந்தேன். சாற்றில் எவ்வளவு இனிப்பு என்று பார்க்கத் தெரியும் என்பதால் ஓனர் என்னை மேலே அழைத்துக்கொண்டார். நான் சேர்ந்த வாரத்தில்தான் வெள்ளச்சியின் முதல் காய்ப்பு அறுவடைக்கு வந்தது. அந்த வாரத்தில்தான் நாங்கள் ஊர் சிரிக்கும்படி ஒரு காரியம் செய்தோம்.

ஓனர் பெங்களூரிலிருந்து போனில் சொன்னது இவ்வளவுதான்: "கீழ்ப்பாத்தியில இருக்கிறதெல்லாம் டிரை ஒயினுக்கு. அதைத் தனியா பறிச்சு வையுங்க, நான் வந்துடறேன்." டிரை என்கிற சொல் எங்களுக்குத் தெரியாததா? கடையில் சில்லி சிக்கன் டிரையா கிரேவியா என்று கேட்கிறார்கள். டிரை வாஷ் என்கிறார்கள். அதிலும் டிரை என்பதும் திராட்சை என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அது பாயசத்தில் போடுகிற உலர் திராட்சையைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? மேஸ்திரியம்மா தோட்டத்தோரத்தில் இருந்த அகலப் பாறையைக் கூட்டி, கழுவி, காயவிட்டு, முப்பது கூடைப் பழத்தையும் சாமை காயப்போடுவது போல மெல்லிசாகப் பரப்பினார். வேளைக்கு ஒருமுறை கிளறிவிட்டார். குரங்கை விரட்ட ரெண்டு பேரை வைத்தார். ரசாயனப் பட்டதாரியான நானும் பக்கத்தில் நின்று, "நல்ல வெயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஓனர் வந்தார். சாறு பிழியும் இயந்திரத்தைத் துடைத்துத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, "பழம் எங்கே?" என்றார். மேஸ்திரியம்மா பாறையைக் காட்டினார். பழமெல்லாம் சுருங்கிப் பழுப்பாகியிருந்தது. ஓனர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரியம்மாதான் முன்னால் போய் நின்றார். "நீங்க டிரைன்னு சொன்னீங்க, நான் காய வெச்சிட்டேன். இன்னா ஏதுன்னு கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு எங்க மேல இல்ல, என் மேல. பொண்ணுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. இந்தச் சாரு புதுசு, இவரையும் வுட்டுடுங்க," என்றார்.

அப்புறம், "டிரைன்னா இன்னாங்க?" என்று கேட்டார்.

ஓனர் பெரிய மனசுக்காரர். பாறையில் உட்கார்ந்தபடியே விளக்கினார். பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்னும், தின்னத் தின்ன அது ஒயினாகும், கொஞ்சம் சர்க்கரையை விட்டுவைத்தால் இனிப்பு ஒயின், கடைசித் துளிவரை தின்று தீர்த்துவிட்டால் டிரை ஒயின் என்றார்.

மேஸ்திரியம்மா யோசித்தார். "அப்போ காஞ்சது இல்ல. மிச்சம் வெக்காதது," என்றார்.

டிரை ஒயினுக்கு நல்ல தமிழ் என்ன என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உலர் ஒயின், வறண்ட ஒயின் என்று எழுதுகிறார்கள். குடிக்கிற பொருளில் என்ன வறட்சி? நான் எல்லோருக்கும் சொல்வது மேஸ்திரியம்மா பாறைமேல் நின்று சொன்னதைத்தான். அந்த வருஷம் எங்கள் அத்தனை பேர் வீட்டுப் பொங்கலிலும் பாயசத்திலும் கொட்டையுள்ள திராட்சை நறநறவென்று கடிபட்டது தனிக்கதை.

இரண்டாம் காய்ப்புக்குமுன் ஓனர் நாசிக் பக்கத்திலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார். நாங்கள் செய்யவேண்டிய ஒயின் எப்படி இருக்கும் என்று காட்ட அவர் இரண்டு புட்டிகள் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக் கோப்பையை எல்லோரிடமும் நீட்டி, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். நான் மரியாதையாக, நல்ல வாசனை என்றேன். மேஸ்திரியம்மா மூக்கை உள்ளே விட்டு இழுத்தார். "பூன மூத்தரம் அடிச்ச செடி மாதிரி கீது," என்றார். ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது. அதை ஓனர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னதும் நிபுணர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வெளிநாட்டில் ருசி பார்க்கிறவர்களும் இந்தத் திராட்சைக்கு அதையேதான் சொல்வார்களாம், சொல்லவேண்டியதைக் கூச்சமில்லாமல் சொல்கிற மூக்கு இது என்றாராம். மேஸ்திரியம்மா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுபடி முகர்ந்து, ஒரு வாய் எடுத்துத் துப்பினார். "பூன முன்னாடி வருது. பின்னாடி புளியங்கொழுந்து. மாங்கா காம்ப ஒடிச்சா பால் வருமே, அதுவும் கீது," என்றார். அந்த மூன்றையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் ஒயின் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே இலக்கணம் அதுதான்.

எழுதிக்கொண்டு என்ன பயன்? இரண்டாம் காய்ப்பைக் கெடுத்தது நான். சர்க்கரை ஆலை புத்தி. இனிப்பு ஏற ஏற எனக்குச் சந்தோஷம். இனிப்பை அளக்கிற மீட்டரில் பத்தொன்பது வந்தது, இருபது வந்தது, இருபத்தொன்று வந்தது, நான் இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன். "சாரு, புளிப்பு எறங்குது. வெள்ளச்சிக்கு அதான் முதுகெலும்பு," என்று மேஸ்திரியம்மா மூன்று நாள் தொடர்ந்து சொன்னார். "மீட்டர் சொல்லுதும்மா" என்று மூன்று நாளும் நான் சொன்னேன். இருபத்துநாலில் பறித்தோம். ஒயின் ஆனது, சர்க்கரையும் மிச்சமில்லை, ஆனால் கனத்து, மந்தமாக, வாயில் சோம்பிக் கிடந்தது. பூனையும் இல்லை, புளியங்கொழுந்தும் இல்லை. மேஸ்திரியம்மா துப்பிவிட்டு, "இது உங்க தப்பு சாரு," என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் அவர் வீட்டில் பிடித்த கொள்ளுருண்டையை எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். முதல் நாள் திட்டியது அவர் முகத்தில் எங்கேயும் இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனதும் ஓனர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். மூன்றாம் காய்ப்பைப் பெங்களூரின் பெரிய ஓட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் வந்து ருசி பார்ப்பார். அவர் எடுத்துக்கொண்டால் தோட்டம் நிற்கும். வேண்டாம் என்றால் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தேக்கு வைத்துவிடப்போகிறார். தேக்குக்கு மேஸ்திரியும் வேண்டாம், லேபும் வேண்டாம். இருபத்திரண்டு பெண்களும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போகவேண்டியதுதான், தோட்டம் வருவதற்குமுன் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். வருஷத்தில் ஆறு மாதம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

மேஸ்திரியம்மா கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஒரு வருசத்த நான் கெடுத்தேன். ஒரு வருசத்த நீங்க கெடுத்தீங்க. ரெண்டும் சேத்து இந்த வருசம் நாம ரெண்டு பேரும்தான் கட்டணும்."

அந்த வருஷம் நாங்கள் சண்டை போடாமல் பறித்தோம். நான் மீட்டரைப் பார்ப்பேன், அவர் பழத்தைக் கடித்துக் கொட்டையை நெரித்துப் பார்ப்பார், ரெண்டையும் சேர்த்துப் பேசுவோம். இருபதரையில், புளிப்பு இன்னும் விறைப்பாக நிற்கும்போதே, ஒரு வியாழக்கிழமை விடியலில் ஆரம்பித்தோம். மலைமேட்டைத் தாண்டி வெயில் வருவதற்குள் கடைசிக் கூடையும் நிழலுக்கு வந்துவிட்டது. சாறு குளிர்ச்சியாகவே டேங்குக்குள் போனது. ஈஸ்ட் போட்ட மூன்றாம் நாள் டேங்கின் மேல்குழாயில் மூக்கை வைத்தால் மாங்காய்க் காம்பு வந்தது. மேஸ்திரியம்மா பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மோந்துபார்க்கச் சொன்னார்.

டேங்கில் இனிப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தினமும் காலையிலும் மாலையிலும் அளந்து, கதவில் தொங்குகிற தாளில் எழுதவேண்டியது என் வேலை. பதினைந்து நாள் ஒழுங்காக எழுதினேன். அப்புறம் போளூரில் என் மச்சான் கல்யாணம் வந்தது. இரண்டு நாள். டேங்க் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது, கோடு போட்ட மாதிரி. நாளைக்கு இவ்வளவு இருக்கும், மறுநாள் முடிந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். கிளம்புவதற்கு முன்னாலேயே இரண்டு நாள் கணக்கையும் தாளில் எழுதிவிட்டுப் போனேன். ஆலையில் எல்லோரும் செய்வதுதான். திரும்பிவரும் பஸ்ஸில் ஓனர் போன் செய்து, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது சார், டிரை," என்றேன்.

தோட்டத்தில் இறங்கியபோது மேஸ்திரியம்மா டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தரையில் துப்பிய ஈரம் இருந்தது.

"முடியல சாரு. இனிப்பு இன்னும் நிக்கிது," என்றார்.

"தாள்ல பாருங்க, முடிஞ்சிருக்கு."

"தாளு கெடக்கட்டும். நாக்கு சொல்லுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மேஸ்திரி வேலையப் பாருங்கம்மா, லேப நான் பாத்துக்கறேன்," என்றேன். அவர் நகரவில்லை. அவர் எதிரிலேயே சாறு எடுத்து அளந்தேன். லிட்டருக்கு ஒன்பது கிராம் சர்க்கரை நின்றது. குளிரூட்டும் இயந்திரம் டேங்கை எக்கச்சக்கமாகக் குளிரவைத்து, ஈஸ்ட் சுருண்டு படுத்துவிட்டது. நான் கிளம்பிய அன்றே நின்றிருக்கவேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வேறு புத்தி வந்தது. ருசி கெட்டுப்போகவில்லை. லேசான இனிப்போடு, யாருக்கும் பிடிக்கும்படிதான் இருந்தது. "இப்படியே பாட்டில் பண்ணிட்டா யாருக்கும் தெரியாதும்மா. ஜனங்களுக்கு இனிப்புன்னா புடிக்கும்," என்றேன்.

"எனக்குத் தெரியுமே. வாய வெச்சிக்கினு நான் சும்மா இருப்பனா?" என்றார். "டிரைன்னு எழுதி ஒட்டப்போறோம். அந்தச் சொல்லுக்கு முப்பது கூட பழத்தப் பாறையில போட்டவ நான். அது இன்னான்னு தெரிஞ்சப்புறம் பொய்யா ஒட்டச் சொல்றீங்களா? போனப் போடுங்க. நீங்க போடறீங்களா, நான் போடட்டா?"

போட்டேன். குளிரில் ஈஸ்ட் நின்றுவிட்டது, பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும், சமையல்காரர் வருவதைத் தள்ளிவையுங்கள் என்றேன். நல்லவேளை கவனித்தீர்கள் என்று ஓனர் நன்றி சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன். தாளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

போனை வைத்ததும் மேஸ்திரியம்மா, "பாதிதான் சொன்னீங்க," என்றார்.

"மீதிய அப்பறம் சொல்லிடறேன்மா."

"சரி. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அதற்கப்புறம் டேங்கைத் திரும்ப எழுப்புவது எப்படி என்று பார்த்தோம். புத்தகத்தைப் பிரித்தேன். அவர் அதற்குள், "மார்கழில இட்லி மாவு பொங்கலன்னா இன்னா பண்ணுவாங்க சாரு? அடுப்போரமா வெப்பாங்க, கொஞ்சம் புளிச்ச மாவ எடுத்துக் கலப்பாங்க," என்றார். புத்தகத்திலும் வேறு வார்த்தைகளில் அதுதான் இருந்தது. குளிரூட்டியை நிறுத்தினோம். டேங்கைச் சுற்றிக் கோணியும் கம்பளியும் கட்டினோம். பெண்கள் வீட்டிலிருந்து போர்வையெல்லாம் வந்தது. புது ஈஸ்ட்டைத் தனியாக வெதுவெதுப்பில் எழுப்பி, டேங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதற்குப் பழக்கி, பிறகு திரும்ப உள்ளே விட்டோம். நான் பதினோரு நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பது எட்டாகி, ஆறாகி, மூன்றாகி, கடைசியில் ஒன்றரைக்கு வந்து நின்றது. இரண்டுக்குக் கீழே வந்துவிட்டால் அது டிரைதான். மேஸ்திரியம்மா வாயில் வைத்துத் துப்பிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஒண்ணும் ஒட்டல. ஆனா வாயி இன்னொரு தரம் கேக்குது," என்றார்.

சமையல்காரர் ஒரு காலைநேரத்தில் வந்தார். வேலூர்ப் பக்கம் பிறந்தவராம், நன்றாகவே தமிழ் பேசினார். வேப்பமரத்து நிழலில் மேசை போட்டிருந்தோம். பெண்கள் ஏரிமீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார், மோந்தார், ஒரு வாய் குடித்தார், மீனைப் பிய்த்துத் தின்றுவிட்டு இன்னொரு வாய் குடித்தார். ஓனர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கத்தி மாதிரி இருக்கு," என்றார் அவர். "மீனுக்கு எலுமிச்சம்பழமே வேண்டாம் போலிருக்கே."

ஓனருக்கு உயிர் திரும்பியது. எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டார். "எல்லாம் இவராலதான். நாள் தவறாம அளந்து எழுதற மனுஷன். இவர் மட்டும் கவனிக்கலன்னா இனிப்போடவே பாட்டில்ல அடைச்சிருப்போம்," என்றார்.

மீன்தட்டோடு வந்த மேஸ்திரியம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"சாரு சொல்லல, நான் சொல்றேங்க," என்றார் அவர். "நாள் தவறாமல்லாம் இல்ல. கல்யாணத்துக்குப் போய்ட்டு ரெண்டு நாளு அளக்காமயே தாள்ல எழுதி வெச்சிட்டாரு. அளந்திருந்தா டேங்கு நின்னத அன்னிக்கே புடிச்சிருக்கலாம். அது அவரு தப்பு."

ஓனரின் கை என் தோளிலிருந்து இறங்கியது. வாங்க வந்தவர் எதிரே, எங்கள் தாளில் இருப்பது பொய் என்று சொல்லிவிட்டார். எல்லாம் போயிற்று, தேக்குதான் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அவர் முடிக்கவில்லை. "அப்பால இன்னொண்ணு. தெரிஞ்சதும் பதினோரு நாளு வூட்டுக்குப் போவாம டேங்கு பக்கத்துலயே கெடந்தாரு. நீங்க இப்போ குடிச்சீங்களே, அது அந்தப் பதினோரு நாளு. அதுவும் நெசம். ரெண்டையும் சேத்து சொன்னாதான் முழுசா சொன்னமாரி." சொல்லிவிட்டு, மீன் கருகப்போகிறது என்று அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

சமையல்காரர் கோப்பையை வைத்துவிட்டு, "அந்தத் தாளப் பாக்கலாமா?" என்றார்.

கொண்டுவந்து நீட்டினேன். அவர் கேட்பதற்குமுன் நானே பேனாவை எடுத்து அந்த இரண்டு நாள் எண்களை அடித்தேன். பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். கடைசிப் பதினோரு நாளில் நாலு மணிநேரத்துக்கு ஒருதரம் எழுதியிருந்த எண்களை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஓனர் பக்கம் திரும்பினார்.

"இந்த டேங்க் முழுசும் எனக்கு. அடுத்த வருஷத்தையும் மொதல்ல எனக்குக் காட்டிட்டு மத்தவங்களுக்குக் காட்டுங்க," என்றார்.

தோட்டம் நின்றது. பெண்கள் யாரும் குடகுக்குப் போகவில்லை. நான் மட்டும் நாலு நாள் மேஸ்திரியம்மாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, வழக்கம்போல வந்து, "சாரு, மேல்பாத்தியில எல புடுங்கட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் எனக்கே வெட்கமாகிப் பேசிவிட்டேன். மீதியை நானே சொல்லியிருக்கவேண்டும் என்றேன். "ஆமா," என்றார்.

அதற்குப்பின் இரண்டு அறுவடை இருந்தார். ஓசூரில் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் கிளம்பிவிட்டார். அந்த இரண்டு வருஷமும் ஒயின் முடிந்ததா என்று ஓனர் என்னைக் கேட்டுவிட்டு, "மேஸ்திரியம்மாகிட்ட குடுங்க" என்று அவரையும் கேட்பார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் இல்லாமல் நடந்த முதல் அறுவடையில் ஓனரிடமிருந்து போன் வந்தது. "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது சார்," என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். "சரி," என்றார், வைத்துவிட்டார். பதினோரு வருஷ ஆலை வேலையிலும் இங்கேயும் என் சொல்லை ஒருவர் அப்படி ஒற்றை வார்த்தையில் எடுத்துக்கொண்டது அதுதான் முதல்தடவை. அந்த மரத்தடியில் என் மானத்தை வாங்கிய அம்மாதான் அதை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் என்று அந்த நிமிஷம் விளங்கியது. கண் கலங்கிவிட்டது. உடனே ஓசூருக்குப் போட்டேன். எங்கேயோ குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஓனர் சரி என்றதைச் சொன்னேன்.

"எத்தினி நிக்கிது?" என்றார்.

"ஒண்ணே கால்."

"நீங்களே அளந்தீங்களா?"

"நானேதான். மூணு தரம்."

"அப்போ சரி," என்றார். குழந்தையைத் தூக்கப் போய்விட்டார்.

அன்றைக்குப் பெருமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.